கணப்படுப்பு உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு: முதல் நெருப்பு மூட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கணப்படுப்பு உள்ள வீட்டுக்கு முதன்முறையாகக் குடிபோகிறவர்கள் தீயைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். பொறி பறந்து விரிப்பில் விழுமோ, குழந்தை கையை நீட்டிவிடுமோ என்ற கவலை நியாயமானதே. ஆனால் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு தன் ஆபத்தை மறைப்பதில்லை. அது எரிந்து அடங்கி, புகை நின்று, வெறும் தணலாகக் கிடக்கும் நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு வீட்டில் சேர வாய்ப்பு அதிகம். நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து, சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை மூடிவிட்டுப் படுக்கப் போவதும் அந்த நேரத்தில்தான். கீழே வரும் யோசனைகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்: தணல் முழுவதும் சாம்பலாகிக் குளிரும்வரை அந்தத் தகட்டை மூடக் கூடாது.

தணலுக்குள் நடப்பது

விறகிலுள்ள கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். காற்று போதாவிட்டால் எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு உண்டாகும். தணல் குவியலில் இன்னொன்றும் நடக்கிறது. அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு, பழுத்த கரிகளின் ஊடே மேலேறும்போது அந்தக் கரியுடன் மறுபடி வினைபுரிந்து மோனாக்சைடாக மாறிவிடுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, நன்றாகப் பழுத்த தணலைக் கவனியுங்கள். அதன்மேல் மெல்லிய நீலச் சுடர்கள் தோன்றித் தோன்றி மறையும். மேற்பரப்புக்கு வந்த கார்பன் மோனாக்சைடு அங்கே எரிந்து தீருவதுதான் அந்த நீலம். தணல் ஆற ஆற நீலச் சுடர் அடங்கிவிடும். வாயு உண்டாவது அதோடு நின்றுவிடாது. எரியாமல் அப்படியே மேலெழும். அதே நேரத்தில் புகைபோக்கியும் குளிர்ந்து, வாயுவை மேலே இழுக்கும் வலுவை இழந்துகொண்டிருக்கும். புகை இல்லாததால் கண் எரியாது, இருமல் வராது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

உடலுக்குள் போனதும் அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு உண்டு. பஸ்ஸில் முன்கூட்டியே ஏறி இடம் பிடித்தவர் எழுந்திருக்காததால் அடுத்த நிறுத்தங்களில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே போவதைப் போல, ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காமல் போகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ‘கொஞ்ச நேரம் ஜன்னல் ஓரம் நின்றால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

முதல் வேலை: புகைபோக்கியைச் சோதிக்கச் சொல்லுங்கள்

குடிபோன வீட்டில் முதல் நெருப்பு மூட்டுவதற்கு முன், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழில் தெரிந்த ஒருவரை வரவழையுங்கள். முந்தைய குடும்பம் போன குளிர்காலம் முழுவதும் எரித்ததாகச் சொன்னாலும் சரி, வீட்டை விற்றவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உறுதி சொன்னாலும் சரி, இதை விட்டுவிட வேண்டாம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், இந்தச் சோதனை நடக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் விதித்தொகுப்பு சொல்வதும் ஆண்டுக்கு ஒரு சோதனையைத்தான்.

வருகிறவரிடம் வெறுமனே ‘சுத்தம் செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், சில கேள்விகளைக் கேளுங்கள். புகைவழியின் உட்சுவரில் விரிசல் இருக்கிறதா? இருந்தால் வாயு அதன் வழியே மேல்மாடிப் படுக்கையறைக்குக்கூடக் கசியலாம். பறவைக்கூடோ சருகோ உள்ளே அடைத்திருக்கிறதா? உச்சியில் மூடியும் வலையும் உண்டா? உட்சுவரில் படியும் பிசுபிசுப்பான கரிப்படிவு எவ்வளவு தடிமன்? அது 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சேர்ந்திருந்தாலே சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது வழியைக் குறுக்கும்; அதோடு, தானே தீப்பிடிக்கவும் கூடும். இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை: வீட்டைச் சூடாக்கும் உலையோ வெந்நீர்க் கொதிகலனோ இதே புகைபோக்கிக்குள் புகையை விடுகிறதா, அல்லது ஒட்டியுள்ள வழியில் விடுகிறதா? அப்படி இருந்தால் ஒன்றின் புகை மற்றொன்றின் வழியே வீட்டுக்குள் இறங்க வாய்ப்பு உண்டு.

அவர் போகும் முன், தடுப்புத் தகட்டை உங்கள் கையாலேயே திறந்து மூடிப் பாருங்கள். டாம்பர் என்று பலரும் சொல்லும் இந்த இரும்புத் தகடு, அடுப்பு வாய்க்குச் சற்று மேலேயோ புகைபோக்கியின் உச்சியிலோ இருக்கும். கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். டார்ச் அடித்து மேலே பார்த்து, தகடு முழுவதும் திறந்திருக்கும்போது கைப்பிடி எங்கே நிற்கிறதோ அங்கே அழியாத வண்ணத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் நெருப்பு மூட்டக்கூடிய எல்லோருக்கும் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

இரண்டாவது: அலாரம்

புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. இரண்டும் ஒரே பெட்டியில் வரும் கருவிகளும் உண்டு. அட்டையைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, தூங்கும் அறைகளுக்கு வெளியே ஒவ்வொன்று என்பது குறைந்தபட்சம். தூங்குகிறவரை எழுப்பும் சத்தம் அது என்பதால், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் கேட்கிறதா என்று ஒரு பகலில் சோதித்துவிடுங்கள்.

கணப்படுப்புக்கு நேர்மேலேயோ மிக அருகிலோ மாட்ட வேண்டாம். நெருப்பு மூட்டும் வேளையில் வரும் சிறு புகைக்கெல்லாம் அடித்து, கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவைக்கும் நிலை வந்துவிடும். திரைக்குப் பின்னாலும், ஜன்னலை ஒட்டியும், குளியலறையிலும் வேண்டாம். இந்த வாயு காற்றைவிட எடை மிகச் சற்றே குறைந்தது. அறைக் காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். ஆகவே கூரையில்தான் மாட்ட வேண்டும், தரையருகேதான் மாட்ட வேண்டும் என்ற வாதங்களில் பொருளில்லை. கருவியோடு வரும் கையேடு சொல்லும் உயரத்தில் மாட்டினால் போதும்.

கருவியின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். உள்ளிருக்கும் உணரிக்கு ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள்தான். சோதனைப் பொத்தானை அழுத்தும்போது வரும் சத்தம், ஒலிப்பானும் பேட்டரியும் வேலை செய்வதைக் காட்டுமே தவிர, உணரி உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. குடிபோன வீட்டில் ஏற்கெனவே ஓர் அலாரம் மாட்டியிருந்தால் அதைக் கழற்றித் தேதி பார்க்காமல் நம்பாதீர்கள்.

அலாரம் அடிக்காமல் இருப்பதாலேயே காற்று சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இந்த அலாரங்களுக்கான அமெரிக்காவின் யு.எல். 2034 தரப்படி, 70 பிபிஎம் அளவு, அதாவது 10 லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு வாயு இருந்தால், கருவி 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். 150 பிபிஎம் என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள். 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 30 பிபிஎம் அளவு நெடுநேரம் இருந்தாலும் அது அடிக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது; அது ஏறக்குறைய 3.5 பிபிஎம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், இதய நோயாளிகள் இருக்கும் வீட்டில், அளவை எண்ணாகக் காட்டும் திரையுள்ள கருவியை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. நெருப்பு எரியும் நாள்களில் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

விறகைப் பற்றி

ஈரவிறகு நன்றாக எரியாது. புகைந்துகொண்டே இருக்கும், கரிப்படிவையும் வாயுவையும் கூட்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். அதை அளக்கும் சிறு கருவியை, கட்டையைப் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள்: காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மொத்தென்று கேட்கும். இறைச்சி வாட்டுவதற்கு விற்கும் அடுப்புக்கரியை எந்தக் காரணத்துக்காகவும் கணப்படுப்பில் போடாதீர்கள். அது தொடக்கத்திலிருந்தே தணல். புகையே காட்டாமல் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மூட்டுவதற்கு முன்: காற்று எந்தப் பக்கம் போகிறது?

புகைபோக்கி மேல்நோக்கித்தான் இழுக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிட்டால், அது கீழ்நோக்கி ஊதத் தொடங்கும். சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாமே வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. வெளியேறிய காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் இடுக்குகள் எல்லாம் நன்றாக அடைக்கப்பட்ட புதிய வீடுகளில், திறந்திருக்கும் ஒரே பெரிய வழி புகைபோக்கிதான். பழைய வீட்டில் ஜன்னல்களை மாற்றி இடுக்குகளை அடைத்த பிறகு, அதுவரை நன்றாக இழுத்துக்கொண்டிருந்த கணப்படுப்பு தொல்லை கொடுக்க ஆரம்பிப்பதும் இதனால்தான்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். விசிறிகளையும் உலர்த்தும் இயந்திரத்தையும் நிறுத்துங்கள். மேல்மாடி ஜன்னல்களை மூடுங்கள். சூடான காற்று மேலே வெளியேறினால் கீழ்த்தளத்தில் இழுப்பு தலைகீழாகும். கணப்படுப்பு இருக்கும் அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவையுங்கள். தடுப்புத் தகட்டை நீங்கள் போட்ட கோடு வரை திறங்கள். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயின் மேல்விளிம்புக்குக் கீழே பிடியுங்கள். புகை நேராக உள்ளே வளைந்து மேலே போனால் மூட்டலாம். தயங்கி நின்றாலோ, உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினாலோ மூட்டக் கூடாது.

குளிர்ந்துபோன புகைபோக்கியில் கனத்த குளிர்காற்று தூண்போல் நிற்கும். செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, திறந்த தகட்டுக்கு அருகே சற்று நேரம் பிடித்தால் அது சூடாகி நகரும். மறுபடி ஊதுபத்தியை வைத்துப் பாருங்கள். இப்போதும் புகை திரும்புகிறது என்றால் அன்றைக்கு நெருப்பு வேண்டாம், புகைபோக்கிக்காரரைக் கூப்பிடுங்கள்.

எரியும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. சிறிய, சுறுசுறுப்பான நெருப்பாக வைத்திருங்கள். அடுப்பு முழுக்கக் கட்டைகளை அடைத்து மந்தமாகப் புகையவிடுவது கெட்ட பழக்கம். அறைக்குள் புகை வாடை வந்தாலோ, அடுப்பு வாயின் மேலுள்ள சுவர் புதிதாகக் கறுத்தாலோ, வாயு வெளியேறும் வழியில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

இரவு: மிகக் கவனம் தேவைப்படும் கட்டம்

படுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குச் சில மணி நேரம் முன்பே கட்டை போடுவதை நிறுத்திவிடுங்கள். பெரிய கட்டையைக் கடைசியாகப் போட்டுவிட்டு, அது எரிந்து முடிக்கும் என்று நம்பிப் போய்ப் படுக்காதீர்கள். காலையில் எளிதாக மூட்டலாம் என்று தணலைச் சாம்பலால் மூடி வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. மூடிய தணல் காற்றுப் போதாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மோனாக்சைடு உண்டாக அதைவிட வாய்ப்பான நிலை இல்லை.

படுக்கப் போகும்போது தணல் கொஞ்சமேனும் சிவந்திருந்தால், இரவு முழுவதும் தகடு திறந்தே இருக்கட்டும். வீட்டின் சூடு அதன் வழியே போகும் என்பது உண்மை. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவோ கம்பி வலையோ இருந்தால் பொறி பறப்பதைத்தான் அது தடுக்கும். தகட்டை மூடுவதால் வரும் ஆபத்தைக் கண்ணாடிக் கதவு தடுக்காது.

காலையில் மேலே வெண்சாம்பல் படர்ந்து எல்லாம் அணைந்ததுபோல் தெரியும். இரும்புக் கரண்டியால் கிளறிப் பாருங்கள். அடியில் கங்குகள் செக்கச்செவேலென்று கண் விழிப்பது சாதாரணம். சாம்பல் சூட்டைக் காப்பதால் கங்கு நாள்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். வாரிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டைவிட்டு விலகி வெளியே வையுங்கள். வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையிலோ தாழ்வாரத்திலோ வைத்தால், அடுப்பிலிருந்து வெளியேற்றிய வாயுவை வேறு வழியாக நீங்களே உள்ளே அழைத்துவருகிறீர்கள்.

கேஸ் கணப்படுப்பு என்றால்

விறகே இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய விறகுக் கணப்படுப்பில், விறகுபோல் தோன்றும் கேஸ் கட்டைகளைப் பொருத்தியிருந்தால், தடுப்புத் தகடு முழுவதும் மூட முடியாதபடி ஒரு இரும்புப் பிடி மாட்டப்பட்டிருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியிலோ கட்டைகளிலோ கரி படிந்தால் சுடர் சரியாக எரியவில்லை; நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். சுவர் வழியே நேராக வெளியே குழாய் போகும் வகையாக இருந்தால், வெளிப்பக்க வாயைப் பனியோ சருகோ அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் குழாயே இல்லாத வகை ஒன்றும் விற்பனையில் இருக்கிறது. அறையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 18 சதவீதத்துக்குக் குறைந்தால் தானே அணைந்துகொள்ளும் உணரி அதில் உண்டு. அந்த உணரி அளப்பது ஆக்சிஜனை. கார்பன் மோனாக்சைடை அல்ல. புதியவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது. படுக்கையறையில் வைக்கவே கூடாது.

அலாரம் அடித்தால், அல்லது உடல் சொன்னால்

பல கருவிகளில் நான்கு முறை தொடர்ந்து அடித்து, சற்று நிறுத்தி, மறுபடி நான்கு முறை அடிப்பது ஆபத்துக்கான ஒலி. நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று வருவது பேட்டரி தீர்ந்ததையோ கருவியின் ஆயுள் முடிந்ததையோ சொல்வது. உங்கள் கருவியின் ஒலிகளைக் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒலி எழாமலேயே உடலும் எச்சரிக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம். ஃப்ளூ காய்ச்சல்போலத் தோன்றும், ஆனால் உடம்பு சுடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருவதும், வெளியே போனால் குறைந்து வீடு திரும்பினால் கூடுவதும், நாயோ பூனையோ மந்தமாகிக் கிடப்பதும் வலுவான அறிகுறிகள்.

அப்போது எங்கிருந்து கசிகிறது என்று தேடவோ, நெருப்பை அணைக்கவோ நிற்காதீர்கள். தூங்குகிறவர்களை எழுப்பி எல்லோரும் உடனே வெளியேறுங்கள். வெளியே வந்து ஆள்களை எண்ணுங்கள். அங்கிருந்தபடியே அவசர உதவிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பணப்பையோ மேல்சட்டையோ எடுக்க உள்ளே திரும்பிப் போக வேண்டாம். இந்த வாயு முதலில் குழப்புவது புத்தியை. வாசல் பத்தடியில் இருந்தும் அங்கே போக வேண்டும் என்று தோன்றாமல் போய்விடும்.

மருத்துவமனையில், ‘வீட்டில் கணப்படுப்பு எரிந்தது, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்’ என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் அளவி, மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் பிரித்தறியாது. திரையில் 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதை வைத்து யாரும் உங்களைத் திருப்பி அனுப்பிவிடாமல், கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். கர்ப்பிணிக்குத் தொந்தரவே தெரியாவிட்டாலும் பரிசோதனை அவசியம். கருவிலுள்ள குழந்தை தாயைவிட அதிகம் பாதிக்கப்படலாம். குணமாகி வீடு திரும்பிய பிறகும் சில நாள்கள் அல்லது சில வாரங்கள் கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், சுபாவ மாற்றம் தோன்றினால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

கதவு ஜன்னல்களைத் திறந்ததுமே வீட்டுக்குள் அளவு இறங்கிவிடும். சோதிக்க வருகிறவரின் கருவி பூச்சியம் காட்டக்கூடும். அதைப் பார்த்து அலாரம் பொய்யாக அடித்தது என்று முடிவுகட்ட விடாதீர்கள். அன்றிரவு எந்த ஜன்னல் மூடியிருந்தது, எந்த விசிறி ஓடியது, உலை எரிந்ததா, தகடு எந்த நிலையில் இருந்தது என்பதை எழுதிக் கொடுத்து, அதே நிலையை மறுபடி உண்டாக்கி அளக்கச் சொல்லுங்கள். காரணம் தெரிந்து, அது சரிசெய்யப்படும்வரை அந்தக் கணப்படுப்பில் நெருப்பு மூட்ட வேண்டாம்.